திருப்பிவிட்ட பைகள்

வாய்க்கால் சிறுபாலத்தில் குப்பை கொட்டுகிற ஆளை மழைக்கு முன்னால் பிடித்தே தீருவது என்று சுகாதார ஆய்வாளர் அந்தத் திங்கட்கிழமை முடிவு கட்டினாள். வெறும் வாய் வார்த்தையாகச் சொன்னது இல்லை அது. பாலத்தை ஒட்டினாற்போல ஒற்றை அறை வீட்டில் ஒரு தையல்காரி குடியிருந்தாள். போன மழையில் பாலத்துக்கு அடியில் தண்ணீர் போகிற குழாய் அடைத்துக்கொண்டு, தண்ணீர் திரும்பி ஏறி, அந்த அறையில் இடுப்பளவு நின்றது. எட்டு வயசு மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி தையல்காரி நாலு மணி நேரம் நின்றாள். அதைக் கண்ணால் பார்த்த ஆய்வாளருக்கு அதற்கப்புறம் வானம் கறுத்தாலே பாலத்துக்கு ஓடத் தோன்றும். இப்போது பத்து நாளில் பெருமழை என்று வானிலைக்காரர்கள் சொல்லிவிட்டார்கள்.

'இங்கே குப்பை கொட்டாதீர்' என்று பலகை வைத்துப் பார்த்தாயிற்று. பலகையையே யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கேமரா கேட்டு எழுதினாள். கோப்பு ஆணையர் மேஜையில் படுத்துத் தூங்கியது. ஆனால் ஒன்று மட்டும் தவறாமல் நடந்தது. காலை எட்டு மணிக்குள் குவியலை அள்ளிவிட வேண்டும் என்று உத்தரவு. இயந்திரம் வரும், வாரி லாரியில் போடும், இடம் சுத்தம் என்று படம் எடுத்து மேலே அனுப்புவார்கள். மறுநாள் அதே இடத்தில் அதே உயரத்துக்குக் குப்பை. கொட்டுகிற புண்ணியவானுக்கு நகராட்சியே தினமும் இடத்தைக் கூட்டிப் பெருக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தது.

"இன்னைக்கு அள்ள வேண்டாம். பிரிச்சுப் பாக்கலாம்," என்றாள்.

லாரி டிரைவர் இருபது வருஷம் குப்பை லாரி ஓட்டியவர், எதற்கும் அசராத மனுஷன். அவரே ஒரு நிமிஷம் பீடியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். "எட்டு மணிக்குப் படம் போகலைன்னா போன் வரும் மேடம்."

"வரட்டும். எடுத்துப் பேசிக்கிறேன்."

பிரித்துப் பார்ப்பது என்றால் இதுதான்: முகவரி போட்ட ஒரு கரண்டு பில்லோ, கூரியர் உறையோ, மருந்துச் சீட்டோ கிடைக்குமா என்று மூட்டைக்குள் கைவிட்டுத் துழாவுவது. அப்படி இரண்டு காகிதம் கிடைத்தால் நோட்டீஸ் எழுதலாம் என்று விதி இருந்தது. விதி இருந்ததே தவிர, அந்த நாற்றத்துக்குள் கை விட்டவர் யாருமில்லை. அவள் முழங்கை வரைக்கும் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டு முதல் கறுப்பு மூட்டையைக் கிழித்தாள்.

உள்ளே ஏழெட்டுச் சின்னப் பைகள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு சிவப்புச் சீட்டு. 'பிரிக்கப்படவில்லை, திருப்பப்பட்டது' என்று அச்சடித்து, கீழே வீட்டு எண்ணும் தேதியும் பேனாவால் எழுதியிருந்தது. கையெழுத்து அவளுடையது.

டிரைவர் சிரிக்க ஆரம்பித்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை அப்படியே விழுங்கினார்.

அந்தச் சீட்டு, போன மழைக்கும் முன்னால் அவளே கண்டுபிடித்த திட்டம். மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் கலந்து கட்டிக் கொடுத்தால் லாரியில் ஏற்றக்கூடாது. சீட்டு ஒட்டி வீட்டுக்கே திருப்ப வேண்டும். இதனால் அவளுக்கு ஊரில் 'ரெட் கார்டு' என்று பெயரே வந்துவிட்டது. பெருமையாகத்தான் இருந்தது. மூன்று மாதத்தில், பாலத்துக்கு மேல்புறம் இருந்த அறுபத்துநாலு வீட்டு அடுக்குமாடியிலிருந்து வருகிற குப்பை நூற்றுக்கு நூறு பிரித்த குப்பை என்று அவள் அறிக்கை எழுதினாள். பொய்யில்லை, லாரியில் ஏறியதெல்லாம் பிரித்த குப்பைதான். ஏறாதது எங்கே போனது என்று கேட்கிற கட்டம் அந்தப் படிவத்தில் கிடையாது. அவளும் கேட்கவில்லை. அந்தக் கட்டடத்துக்கு 'முன்மாதிரிக் குடியிருப்பு' என்று சான்றிதழ் கொடுத்து, கைகுலுக்கிப் படமும் எடுத்துக்கொண்டாள்.

எல்லா மூட்டையையும் பிரித்து முடிக்கப் பத்தரை மணி ஆனது. முப்பத்தெட்டு வீட்டு எண்கள், எல்லாம் அந்த அடுக்குமாடி எண்கள். நடுவில் இரண்டு முறை போன் வந்தது, பேசிக்கொண்டாள். கொண்டுவந்து கொட்டுகிற கை யாருடையது என்பதுதான் பாக்கி. அன்றிரவு அவள் தையல்காரி வீட்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள்.

"யாருன்னு தெரிஞ்சா என்கிட்ட விடுங்கக்கா," என்றாள் தையல்காரி, கத்திரியைக் கீழே வைக்காமலே. "ரெண்டு வார்த்தை நறுக்குன்னு கேக்கணும்."

"நானே முதல்ல என்னைக் கேக்கணும்," என்றாள் ஆய்வாளர். தையல்காரிக்குப் புரியவில்லை.

தெரு அடங்கிய பிறகு, பதினோரு மணிக்குத் தள்ளுவண்டி வந்தது. தள்ளிக்கொண்டு வந்தவர் அடுக்குமாடி வாட்ச்மேன். சீருடைச் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. அவளைப் பார்த்ததும் ஓடவில்லை, வண்டியின் பிடியை விட்டுவிட்டு அப்படியே நின்றார்.

"என்ன செய்யச் சொல்றீங்கம்மா? நீங்க சீட்டை ஒட்டிட்டுப் போயிடுறீங்க. அவங்க பையைக் கதவுக்கு வெளியே வச்சுட்டுக் கதவைச் சாத்திக்கிறாங்க. படிக்கட்டு நாறுதுன்னு சங்கச் செயலாளர் என்னைத்தான் பிடிச்சு உலுக்குறாரு. எங்கேயாவது கொண்டுபோய்த் தொலைங்கிறாரு. நான் எங்கே கொண்டுபோவேன்? என் வீட்டுக்கா?"

அவளுக்கு அவமானமாக இருந்தது. அவர் சொன்னதை வரி விடாமல் எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கினாள்.

மறுநாள் சுகாதார அலுவலர் அறையில் விஷயம் ஐந்து நிமிஷத்தில் முடிந்திருக்க வேண்டியது. "கையும் களவுமா பிடிச்சாச்சுல்ல? வாட்ச்மேன் பேருக்கு அபராதம் எழுதுங்க. கோப்பை மூடுங்க," என்றார் அவர்.

"அவர் பேர்ல எழுதினா அவரை வேலையை விட்டு அனுப்பிட்டு வேற வாட்ச்மேனை வைப்பாங்க சார். அவரும் இதே வண்டியைத்தான் தள்ளுவார். குழாய் அடைக்கும். நான் முப்பத்தெட்டு வீட்டுக்கும் எழுதப்போறேன்."

"ஆதாரம்?"

"என் சீட்டு."

அலுவலர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "ஏம்மா, தெரிஞ்சுதான் பேசறீங்களா? அந்தச் சீட்டை ஆதாரமா வச்சா, உங்க நூத்துக்கு நூறு அறிக்கை என்ன ஆகும்? அது மேலிடம் வரைக்கும் போயிருக்கு. பதவி உயர்வுப் பட்டியல்ல உங்க பேரு இருக்கறதே அதனாலதான்."

"தெரியும் சார். அறிக்கையை வாபஸ் வாங்குற கடிதத்தையும் எழுதிக் கொண்டு வந்திருக்கேன்."

"மெமோ வரும்."

"வாங்கிக்கிறேன்."

அன்றைக்குச் சாயங்காலம் கணவனிடம் சொன்னாள். அவன் காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு, "ஊர்ல இருக்கிறவன் தப்பையெல்லாம் பிடிச்ச, சரி. இப்போ உன்னையே பிடிச்சுட்டியா? உன் கைக்குத் தப்பவே முடியாதுடி அம்மா," என்றான். சிரித்தாள். சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. பதவி உயர்வுக்கு ஆறு வருஷம் காத்திருந்தவள், வலிக்காமல் இருக்குமா?

புதன்கிழமை காலை அடுக்குமாடி வரவேற்பறையில் ஜனம் கூடிவிட்டது. செயலாளர் சுவரில் மாட்டியிருந்த சான்றிதழைக் காட்டினார். அவர் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், காகிதத்தில் இருப்பதுதான் உண்மை என்று நம்பியே காலம் தள்ளியவர்.

"இதுல கையெழுத்துப் போட்டது நீங்கதானே? நாங்க முன்மாதிரின்னு நீங்களே எழுதிக் கொடுத்துட்டு, இப்போ நோட்டீஸ்னு வந்து நின்னா எப்படி?"

"நான்தான் போட்டேன். பார்க்காம போட்டேன். அது தப்பு," என்றாள். "நீங்க திருப்பி வாங்கின பை ஒவ்வொண்ணும் கீழே ஒரு குழாயில போய் அடைச்சிருக்கு. அந்தக் குழாய்க்குப் பக்கத்துல ஒரு தாயும் பிள்ளையும் இருக்காங்க. போன மழையில அந்தப் பிள்ளை அம்மா தோள்ல உக்காந்து பிழைச்சுது. குப்பை யாரோடதோ அவங்கதான் பொறுப்புன்னு சட்டம் சொல்லுது, தள்ளிக்கிட்டுப் போன கை பொறுப்பில்லை. வாட்ச்மேன் இதுல என் சாட்சி. அவரை வேலையை விட்டு எடுத்தா, சாட்சியை மிரட்டினதா உங்க சங்கத்து மேல தனியா எழுதுவேன்."

செயலாளர் வாயைத் திறந்தார். அவள் முதல் நோட்டீஸை அவர் கையில் கொடுத்தாள். அவருடைய வீட்டு எண்தான். பிறகு லிப்டில் ஏறவில்லை. படிக்கட்டிலேயே ஏறி, முப்பத்தேழு கதவைத் தட்டினாள். சிலர் திட்டினார்கள். ஒரு பாட்டியம்மா, பார்வை மங்கிப்போய் எது மக்கும் எது மக்காது என்று தெரியவில்லை என்று சொன்னார். அந்த வீட்டுப் பையைப் பணியாளர்களே பிரித்துக்கொள்வார்கள் என்று எழுதி வைத்துக்கொண்டாள். இப்படி ஒரு வீடு இருக்கும் என்று சீட்டு ஒட்டும்போது ஒருநாளும் தோன்றவில்லையே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

சிவப்புச் சீட்டை அன்றோடு நிறுத்தினாள். கலந்து கட்டிய பை வந்தால் லாரி அங்கேயே நிற்கும். வீட்டுக்காரர் இறங்கி வந்து எல்லார் முன்னாலும் பிரித்துக் கொடுத்த பிறகுதான் நகரும். முதல் நாள் லாரி ஒன்றரை மணி நேரம் நின்றது. அலுவலகத்துக்குப் போகிறவர்கள் ஹாரன் அடித்துத் தீர்த்தார்கள். டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு, ஏதோ கல்யாண வீட்டுக்கு வந்தவர் மாதிரி சாவகாசமாகச் சாய்ந்துகொண்டார். அவள் வாசலை விட்டு அசையவில்லை. ஐந்தாம் நாள் இருபது நிமிஷத்தில் முடிந்தது. ஏழாம் நாள் செயலாளரே இரண்டு வாளியோடு இறங்கி வந்து, அவள் முகத்தைப் பார்க்காமல் வைத்துவிட்டுப் போனார். ஒவ்வொரு நாளும் அங்கிருந்து நேரே பாலத்துக்குப் போய்க் குனிந்து பார்த்தாள். குழாய்க்கு அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிந்தது.

மெமோ வந்த அன்றைக்கே மழையும் வந்தது. காலை பத்து மணி. பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, குடையைப் பிரித்துக்கொண்டு ஓடினாள். வாய்க்கால் கரை தொட்டு ஓடியது. பாலத்துக்கு அடியில் தண்ணீர் இரைச்சலோடு நுழைந்து மறுபக்கம் பாய்ந்தது. ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் நின்று பார்த்தாள். குடை மளுக்கென்று மடங்கியது. தண்ணீர் கரைக்கு மேலே வரவில்லை.

தையல்காரி வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. இந்நேரம் மகளையும் துணிகளையும் கட்டில்மேல் ஏற்றிவிட்டு, வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்து, ஒரு வார்த்தை தைரியம் சொல்லலாம் என்று ஆய்வாளர் தலையை நீட்டினாள். கட்டில் காலியாக இருந்தது. வெளியே கொட்டோ கொட்டென்று கொட்டுகிற மழையில், தாயும் மகளும் வெறுந்தரையில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.