பத்தடி தள்ளி

"ஒரு வெள்ளைச் சட்டை கூடவா இல்ல?" என்று நாத்தனார் மூன்றாவது தடவையாகக் கேட்டபோது, அவள் அலமாரிக்குள் தோள் வரை நுழைந்திருந்தாள். நுழைந்திருந்தாள் என்பதற்காகத் தேடினாள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அலமாரியின் இடது பாதியில் என்னென்ன தொங்குகிறது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டே ஒப்பிப்பாள். முகத்தை வைத்துக்கொள்ள ஓர் இடம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

மணி பதினொன்று ஆகியிருந்தது. நாலு மணிக்கு வண்டி வரும். காலையில் அவள் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தபோது, ஷூ நாடா கட்டக் குனிந்த கணவர் நிமிரவில்லை. இப்போது கூடத்தில், கழுத்து வரை போர்வையோடு படுத்திருந்தார். ஒரு கால் ஷூவின் நாடா கட்டியபடி, மற்றது அவிழ்ந்தபடி, இரண்டும் கட்டிலுக்கடியில் கிடந்தன.

"இந்தச் சாம்பல் கலர் யூனிஃபாரத்தையே போட்ருவோம்," என்றாள் நாத்தனார். அவருக்கு மூத்தவள், எழுபது வயது. எந்த வீட்டுக்குப் போனாலும் அரை மணிக்குள் அந்த வீட்டின் சாவிக்கொத்து அவள் கைக்கு வந்துவிடும். "முப்பத்து மூணு வருஷம் போட்டது. மரியாதையா இருக்கும்."

"வேண்டாம் அண்ணி."

"அப்ப எதை? இந்த மஞ்சக் கட்டத்தையா? ஊதாவையா? போற எடத்துல அவனை உள்ள விட வேண்டாமா?"

சும்மா சொல்லக்கூடாது, நாத்தனார் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அந்தப் பாதி அலமாரியைத் திறந்தால் யாருக்கும் ஒரு கணம் கண் கூசும். ஓரத்தில் ஒரே ஒரு சாம்பல் சட்டை. அதற்கடுத்து வான நீலம், மஞ்சள் கட்டம், ஊதா, தக்காளிச் சிவப்பில் கோடு. ஏதோ துக்க வீட்டுக்குள் கல்யாண கோஷ்டி தப்பி நுழைந்த மாதிரி.

அவர் பதினொரு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் இயக்கியவர். லிஃப்டின் சுவரும் அவர் சட்டையும் ஒரே நிறம். பொத்தானை அமுக்கும் கை சுவரிலிருந்தே முளைத்திருக்கிறது என்று நினைத்தவர்கள் உண்டாம்; அவரே சொல்லிச் சிரிப்பார். ஒரு அதிகாரி ஏழு வருஷம் தினமும் அவரோடு ஏறி இறங்கிவிட்டு, ஒரு நாள் கடைத்தெருவில் நேருக்கு நேர் பார்த்தபோது "யாருங்க நீங்க?" என்று கேட்டாராம். அதைச் சொல்லும்போது மட்டும் சிரிக்கமாட்டார்.

ஓய்வு பெற்ற மறுவாரம் ஐந்து யூனிஃபாரத்தில் நாலைத் தானம் கொடுத்தார். முதலில் வான நீலம் வந்தது. தெரு பொறுத்துக்கொண்டது. மஞ்சள் கட்டம் வந்தது. தெரு வாசலுக்கு வந்து பார்த்தது. அப்புறம்தான் அந்தச் சட்டை வந்தது. கிளிப்பச்சைத் துணி, அதில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்புப் பூக்கள், ஒவ்வொரு பூவுக்கும் மஞ்சளில் ஒரு நாக்கு. அன்று சாயங்காலமே எதிர்வீட்டு டீச்சர் அவருக்குப் 'பூங்கா' என்று பெயர் வைத்தாள். "பூங்கா கெளம்பிருச்சு," "பூங்காவுக்கு இன்னிக்கு லீவா?" என்று அது தெரு முழுக்க ஒட்டிக்கொண்டது.

அவருக்குத் தெரியும். பெயர் நன்றாகத்தானே இருக்கிறது என்றார்.

அவளுக்குத்தான் தாங்கவில்லை. கண் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கும் வேலை அவளுக்கு. பக்கத்து மேஜைக்காரி ஒரு நாள், "உங்க வீட்டுக்காரர் சர்க்கஸ்ல சேந்துட்டாராக்கா?" என்று கேட்டுவிட்டாள். கேட்டவள் மறந்துவிட்டாள். கேட்கப்பட்டவள் அதை வீடு வரைக்கும் சுமந்து வந்தாள். அந்த நேரம் பார்த்தா அவர் புதுச் சட்டையோடு வாசலில் நிற்கவேண்டும்? "வா, ஒரு நடை போயிட்டு வரலாம்" என்று.

"நீங்க முன்னாடி போங்க," என்றாள். "நான் பத்தடி தள்ளி வரேன்."

அப்படித்தான் நடந்தார்கள். தெருக்கோடி வரைக்கும், அங்கிருந்து நிஜப் பூங்கா வரைக்கும், திரும்பியும். முன்னால் சிவப்புப் பூக்கள்; பத்தடி தள்ளி, யாரோ போல அவள். நாலு எட்டுக்கு ஒரு தரம் அவர் திரும்பி, அவள் வருகிறாளா என்று பார்த்தார். ஒவ்வொரு தரமும் அவள் ஒரு கடைப் பலகையைப் படித்தாள்.

மறுநாள் காலையில் சட்டையைக் காணவில்லை.

"இஸ்திரிக்குத்தான் போட்டேன்," என்றாள் அவள். அத்தோடு பழி போய் இஸ்திரிக்காரன் தலையில் விழுந்தது. எட்டு மாதமாகச் சாயங்காலம் தவறாமல் அவர் வாசலில் நின்று, தெருமுனைக் கடை வரை கேட்கிற குரலில், "என்னப்பா, என் சட்டை கெடைச்சுதா?" என்பார். "தேடிக்கிட்டே இருக்கேண்ணே!" என்று பதில் வரும். அவள் அடுக்களையில் பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாகக் கழுவுவாள்.

"அந்தப் பூச்சட்டை இருந்திருந்தா அதையே போட்டுவிட்டிருக்கலாம்," என்று நாத்தனார் இப்போது பெருமூச்சு விட்டாள். "எனக்கு ஃபோன் போட்டா அதைப் பத்தியேதான் பேசுவான். ஆசப்பட்டு வாங்கினான் எந் தம்பி. அதையும் ஒருத்தன் தொலைச்சுத் தொலைச்சான்."

தொலைத்தவன் வாசலில்தான் இருந்தான். யாரும் கேட்காமலே கடையைப் பூட்டிவிட்டு வந்து, வருகிறவர்களுக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தான். அவன் காதில் விழட்டும் என்றே சொன்ன பேச்சு அது. விழுந்தது. நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்றான்.

"ஆமாம்மா," என்றான். "என் தப்புதான்."

அவள் அலமாரியிலிருந்து தலையை வெளியே எடுத்தாள்.

இன்னும் ஐந்து மணி நேரம் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். வண்டி போய்விடும், கேட்பதற்கு ஆள் இருக்காது, சட்டை தொலைந்தது தொலைந்ததாகவே இருந்துவிடும். எடுத்தாலோ, துக்கம் கேட்க வந்த அத்தனை பேருக்கும் நடுவில், சாகிற வரைக்கும் புருஷனின் ஆசைச் சட்டையை ஒளித்து வைத்தவள் என்று பெயர். இந்தத் தெரு எவ்வளவு வேகமாகப் பெயர் வைக்கும் என்பது அவளுக்குத் தெரியாததா?

கூடத்தைப் பார்த்தாள். போர்வை சாம்பல் நிறம். இதுவரை அதைக் கவனிக்கவில்லை.

உள்ளறைக்குப் போய்த் தையல் மெஷினின் மர மூடியைத் தூக்கினாள். ஆண் கை படாத இடம் என்றுதான் எட்டு மாதத்துக்கு முன் அதைத் தேர்ந்தெடுத்தாள். சட்டை இருந்தது. வெளியே கொண்டுவந்தாள்.

"அடிப்பாவி!" என்றாள் நாத்தனார். "வீட்டுக்குள்ளயேவா இருந்துச்சு?"

"நான்தான் ஒளிச்சு வச்சேன்." இவ்வளவு சின்ன வாக்கியமாக இருக்கும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. இஸ்திரிக்காரன் பக்கம் திரும்பினாள். "உம்மேல பழி போட்டதும் நான்தான். மன்னிச்சுக்கப்பா. மடிச்சே கெடந்திருக்கு, ஒரு தடவை தேச்சுக் குடுத்துரு."

அவன் கையை நீட்டவில்லை.

"வேண்டாம்க்கா," என்றான். "நேத்துதான் தேச்சேன்."

அப்போதுதான் அவள் கையிலிருந்ததைப் பார்த்தாள். அவள் எதையும் துண்டு மடிப்பதுபோல் நாலாகத்தான் மடிப்பாள். இது அப்படி இல்லை. கழுத்துப்பட்டி விறைப்பாக மேலே நின்றது. இரண்டு கையும் பின்னால் போய், முதுகில் கைகட்டி நிற்கிற ஆள் போல ஒன்றன்மேல் ஒன்று கிடந்தன. லிஃப்டில் முக்காலிக்கடியில் ஒரு குறுகலான பெட்டி. மாற்று யூனிஃபாரம் அதற்குள் அடங்க வேண்டும் என்று முப்பத்து மூன்று வருஷம் அவர் மடித்த மடிப்பு. உலகத்தில் வேறு யாரும் அப்படி மடிக்கமாட்டார்கள்.

"மஞ்சச் சட்டைக்குப் பட்டன் தைக்க நூல் தேடினாராம்," என்றான் இஸ்திரிக்காரன், தரையைப் பார்த்து. "நீங்க ஒளிச்ச பத்தாம் நாளே கெடைச்சிருச்சு. தெனமும் நீங்க ஆஸ்பத்திரிக்குப் போனதும் போட்டுக்கிட்டு வருவாரு. பூங்கா வரைக்கும் போவாரு, வருவாரு. வாரத்துக்கு ஒருக்கா தொவைச்சுக் காயவச்சு எங்கிட்ட குடுப்பாரு. ஒரு மணிக்குள்ள தேச்சாகணும். நீங்க ரெண்டு மணிக்கு வந்துருவீங்கன்னு."

"அப்ப சாயங்காலம் சாயங்காலம் கேட்டது?"

"அது... சும்மாக்கா. நானும் பதில் சொல்லணும், அப்படித்தான் பேச்சு."

"யார் யாருக்குத் தெரியும்?"

அவன் கண் வாசலுக்குப் போனது. வாசற்படியில் எதிர்வீட்டு டீச்சர் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் நின்றவர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் வேறெங்கோ பார்த்தார்கள். ஒரு வீட்டில் குழம்பு கருகினால் ஒன்பது வீட்டில் பேசுகிற தெரு. எட்டு மாதம் ஒரு சட்டையைப் பற்றி அவள் காதில் ஒரு சொல் விழவிடவில்லை.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"அண்ணந்தான் வேண்டாம்னாரு. தெரிஞ்சுபோச்சுன்னு தெரிஞ்சா அவ மொகம் சின்னதாப் போயிரும்டா, நாம ஏன் அதைப் பாக்கணும்னாரு."

நாத்தனார் எதையோ சொல்ல வாயெடுத்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக இருக்கலாம், பாதியில் நிறுத்திக்கொண்டு சாவிக்கொத்தைக் கட்டில் ஓரத்தில் வைத்தாள்.

அவள் சட்டையின் பூ ஒன்றைக் கட்டைவிரலால் தடவினாள். அதன் சிவப்பு கொஞ்சம் வெளுத்திருந்தது. வெயில் பட்ட வெளுப்பு. தெரு முழுக்கப் பார்த்த வெயில், அவள் மட்டும் பார்க்காதது.

"எப்படி இருந்தாரு?" என்று கேட்டாள்.

"என்னக்கா?"

"இதுல. இதைப் போட்டுக்கிட்டு நடக்கும்போது எப்படி இருந்தாரு?"

இஸ்திரிக்காரன் யோசித்தான். பொய் சொல்ல வராதவர்கள் யோசிப்பதுபோல, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு.

"கழுத்துப் பட்டன் போடமாட்டாரு. கையை வீசி நடப்பாரு. சின்னப் புள்ளைங்க சிரிச்சா அவரும் சிரிப்பாரு. ஆனா நாலு எட்டுக்கு ஒருக்கா பின்னாடி திரும்பிப் பாப்பாருக்கா. யாரும் இருக்கமாட்டாங்க. யாரைண்ணே தேடறீங்கன்னு ஒரு நாள் கேட்டேன். பழகிருச்சுடான்னாரு."

டீச்சர் யாருக்கோ காபி எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டு வேகமாகத் தெருவைக் கடந்தாள்.

சட்டையை அவளே போட்டுவிட்டாள். நாத்தனார் ஒரு தோளைத் தூக்கிப் பிடித்தாள், இஸ்திரிக்காரன் மறு தோளை. பட்டன்களைக் கீழிருந்து மேலாகப் போட்டுக்கொண்டே வந்தவள், பழக்க தோஷத்தில் கழுத்துப் பட்டனையும் போட்டுவிட்டாள். பிறகு அதை மட்டும் கழற்றிவிட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள் நாத்தனார். "எடுப்பா இருக்கு."

நாலு மணி வண்டி நாலேகாலுக்கு வந்தது. இரண்டு பக்கமும் கண்ணாடி வைத்த வெள்ளை வேன். டிரைவர் புதிய ஆள். கண்ணாடிக்குள் கிளிப்பச்சையைப் பார்த்ததும் ஒரு கணம் தயங்கி, பிறகு மரியாதையாகக் கதவைச் சாத்தினான். தெரு இரண்டு பக்கமும் வரிசையாக நின்றது. நாத்தனார் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, பக்கத்தில் இடம் விட்டாள்.

"ஏறிக்கங்கம்மா," என்றான் டிரைவர்.

"பூங்கா வரைக்கும் நடந்து வரேன்," என்றாள் அவள்.

"சரிம்மா. நான் முன்னாடி போய் அங்க நிக்கட்டுமா?"

"முன்னாடி வேண்டாம்." கண்ணாடி ஓரமாக வந்து நின்று, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். "கூடவே வரேன். மெதுவா ஓட்டுங்க."

வண்டி முதல் கியரில் நகர்ந்தது. இஸ்திரிக் கடையைத் தாண்டும் இடத்தில் அது இரண்டு எட்டு முந்திக்கொண்டது. டிரைவர் பக்கக் கண்ணாடியில் அவளைப் பார்த்துவிட்டு, பிரேக்கில் காலை வைத்து, அவள் வந்து சேரும்வரை நின்றான்.