மூத்தவரின் வயது

மகள் மாளவிகாவுக்கு நான்கு வயது, இதயத்தில் ஓட்டை. இன்று மாலைக்குள் இன்ஷூரன்ஸைப் புதுப்பிக்காவிட்டால் அவளுடைய ஆபரேஷனுக்குப் பணம் வராது. பிரீமியம் இந்த ஆண்டு இரட்டிப்பாகியிருந்தது.

"வேற கம்பெனி?" என்று குரோம்பேட்டை ஏஜென்ட் மோகன்ராஜிடம் கேட்டேன்.

"ரெண்டு கம்பெனி பாப்பாவோட ஸ்கேனைப் பார்த்ததுமே முடியாதுன்னுட்டாங்க. மூணாவது கம்பெனியை இப்ப நீங்க இருக்கிற கம்பெனியே வாங்கிடுச்சு சார். பாலிசியில இருக்கறவங்கள்ல மூத்தவங்க வயசை வெச்சுத்தான் ரேட்டு. மேடம் பேரை எடுத்தா கொஞ்சம் குறையும்."

என் மனைவி ஸ்ம்ருதி என்னைவிட மூன்று வயது பெரியவள். உறவினர்களிடம் மறைத்தோம், பாலிசியில் மட்டும் உண்மையை எழுதினோம். அவள் இறந்து எட்டு மாதமாகிறது. இறப்புச் சான்றிதழை நீட்டினேன். அவள் பெயரை எடுத்த பிறகு வந்த தொகைகூட என்னிடம் இல்லை.

"என் பேரையும் எடுத்துடுங்க. பாப்பாவுக்கு மட்டும் போதும்."

"குழந்தைக்கு மட்டும் தர மாட்டாங்க சார். பெரியவங்க ஒருத்தர் இருந்தே ஆகணும்."

பைக்கை விற்கத் தாம்பரத்துக்குப் புறப்பட்டேன்.