நிழல் இருக்கும் பக்கம்

வேன் தேரடியைத் தாண்டுவதற்குள் குழந்தையை வெளியே கொண்டுபோய்விட வேண்டும் என்று திரௌபதி அவசரப்படுத்திக்கொண்டே இருந்தாள். மணிமொழி பழைய பருத்திப் புடவையை மடித்து அதில் குழந்தையைக் கிடத்தி, முகத்தை மூடாமல் தலையை மட்டும் சுற்றினாள். வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து மாமனார் தசரதனின் உடல் வந்துகொண்டிருந்தது. எதிர் எஸ்.டி.டி. பூத்துக்கு விடிகாலையில் போன் வந்ததுமே வாசலில் பெஞ்சு போட்டுவிட்டார்கள்.

பச்சைக் குழந்தையும் பிணமும் ஒரே கூரையின் கீழ் இருக்கக் கூடாது. அதில் அந்தத் தெருவில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் குழந்தை வேறு எந்தக் கூரையின் கீழ் இருக்கலாம் என்பதை யாரும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டில் கேட்டதற்கு, பிள்ளை பெற்ற தீட்டு கழியாமல் எப்படி உள்ளே விடுவது, சாமி மாடம் இருக்கிறதே என்றார்கள். அதற்கடுத்த வீட்டில் கதவே திறக்கவில்லை.

"உன் தம்பி வீடு இருக்குதில்ல, அடி அண்ணாமலையில? எடுக்கிற வரைக்கும் அங்க இரு. முடிஞ்சதும் ஆள் அனுப்புறோம்" என்றாள் திரௌபதி. அவள் மணிமொழியின் கணவனுக்கு அக்கா. தன் புருஷன் இறந்து பிறந்த வீட்டுக்கு வந்த பிறகு இந்த வீட்டுச் சாவி அவள் இடுப்பில்தான்.

மணிமொழி, வெயில் ஏறுகிறதே என்று மெதுவாகச் சொன்னாள்.

"வந்த வேகத்துல எங்கப்பாவ அனுப்பிட்டா உம் பொண்ணு. அவள வெயில் இன்னா பண்ணிடும்?"

மணிமொழியின் கணவன் அறிவுச்செல்வன் அக்காவின் பின்னால் நின்று சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான். பிறகு போய் ஆட்டோவைக் கூட்டிவந்தான். வாடகையை அவனே டிரைவரிடம் கொடுத்தான். அவள் கையில் குழந்தையைத் தவிர ஒன்றும் இல்லை. ஆட்டோ கிளம்பும்போது தெருமுனையில் வேன் திரும்பியது. ஏறி உட்கார்ந்ததில் தையல் போட்ட இடம் சுருக்கென்றது.

தசரதன் இந்தக் குழந்தையை ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறார், அறை வாசலில் நின்றபடி. "பொண்ணா" என்று கேட்டுவிட்டுத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். மறுநாள் நெஞ்சுவலி வந்தது. வீட்டில் இரண்டையும் சேர்த்துப் பேச அதுவே போதுமாக இருந்தது.

அடி அண்ணாமலையில் தம்பி மாறனின் வீட்டுக்கு முன்னால் அவளை இறக்கிவிட்டு ஆட்டோ திரும்பிப் போய்விட்டது. வாசலில் பௌர்ணமிக்குப் போடும் தண்ணீர்ப் பந்தலின் கழிகள் சாய்ந்திருந்தன. மாறனின் மனைவி வேதா நிலைப்படியிலேயே நின்றுகொண்டாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள்; துடைத்த பிறகும் துடைத்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க அண்ணி. கொழந்த கொடி சுத்திப் பொறந்திருக்குது. மாமனுக்கு ஆகாது. எண்ணெயில மொகம் காட்டாம நேருக்கு நேர் பாத்துட்டார்னா, நாளைக்கு எனக்கு யார் இருக்கா?"

எண்ணெய்க் கிண்ணத்தில் விழும் குழந்தையின் முகத்தை மாமன் முதலில் பார்க்கும் சடங்கை, மாமனார் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பட்டும் என்று தள்ளிப் போட்டிருந்தார்கள். இப்போதே ஒரு கிண்ணத்தில் எண்ணெய் ஊற்றிக் காட்டிவிடலாமே என்று மணிமொழி கேட்டாள். சாவு விழுந்த நாளில் அதைச் செய்வார்களா என்றாள் வேதா.

உள்ளே கட்டிலின் விளிம்பில் மாறனின் கால்கள் தெரிந்தன. சின்ன வயதில் அவள் இடுப்பில் தூக்கித் திரிந்தவன். கால்கள் மெல்ல மேலே ஏறிக் கட்டிலுக்குள் மறைந்தன.

"மாறா" என்று கூப்பிட்டாள்.

வேதா உள்ளே போய் ஒரு குடையைக் கொண்டுவந்து, கையில் கொடுக்காமல் படிக்குக் கீழே தரையில் வைத்தாள். அதில் ஒரு கம்பி உடைந்திருந்தது.

மணிமொழி கிரிவலப் பாதையில் டவுனைப் பார்த்து நடந்தாள். மலை வலப்பக்கம் வர நடக்க வேண்டிய பாதை அது. அவளுக்கு இடப்பக்கம் வந்தது. எதிரே வந்த காவி வேட்டிக்காரர் ஒருவர் நின்று, மலையை இப்படி எதிராகச் சுற்றினால் குடும்பத்துக்கு ஆகாது என்று கடிந்துகொண்டார். அவள் தலையை ஆட்டிவிட்டு நடந்தாள்.

பிரசவ வார்டு நர்ஸ் சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் செய்தாள். காலை இளவெயிலில் கொஞ்சம் காட்டலாம், மற்ற நேரமெல்லாம் நிழல். கூட்டத்துக்குள் போகக் கூடாது. மூச்சு முட்டும், முகத்தை மூடக் கூடாது. கை காலைத் தொட்டுப் பார்த்து ஏமாறாமல், பின்கழுத்தில் கை வைத்துப் பார்க்க வேண்டும். ஆனால் அந்த நர்ஸ் வீட்டு வாசலிலிருந்து தெருமுனை வரை போய்த் திரும்புவதைப் பற்றித்தான் சொல்லியிருந்தாள். மணிமொழி ஒரு புளியமரத்திலிருந்து அடுத்த புளியமரத்துக்குப் போனாள். நடுவிலிருந்த வெயிலில் குடையைக் குழந்தைக்கு மட்டும் பிடித்தாள். தார் செருப்பில் ஒட்டியது. சித்திரை மாதம் மலை தன் பங்குக்கு ஒரு சூட்டை அனுப்பிக்கொண்டிருந்தது.

ஒவ்வொரு மரத்தடியிலும் உட்கார்ந்து பால் கொடுத்துப் பார்த்தாள். முதலில் குடித்தது. அப்புறம் வாயை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டது. அப்புறம் வாயைத் திறக்கவேயில்லை. விடிந்ததிலிருந்து அவளும் ஒரு வாய் தண்ணீர் குடித்திருக்கவில்லை. பின்கழுத்து கொதித்தது. குழந்தை அழுதிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் தைரியம் இருந்திருக்கும்.

எமலிங்கக் கோயிலுக்குப் பக்கத்தில் வந்தபோதுதான் மேளச் சத்தம் கேட்டது. அங்கே சுடுகாடு இருப்பது அவளுக்குத் தெரியாததல்ல; நிழலையே பார்த்து நடந்ததில் மறந்துபோயிருந்தாள். எதிரே பாடை வந்தது. முன்னால் அறிவுச்செல்வன் தீச்சட்டியோடு. பூவை இறைத்துக்கொண்டு வந்தவர்களில் அவனுடைய சித்தப்பா கோதண்டராமன் அவளைப் பார்த்துவிட்டார்.

"தே, திரும்பு. அந்தப் பக்கம் திரும்பு."

அவள் மரத்தைப் பார்த்துத் திரும்பி, குழந்தையின் காதுகளை உள்ளங்கைகளால் மூடினாள். மேளம் முதுகை ஒட்டிப் போனது. அத்தனை சத்தத்துக்கும் குழந்தை திடுக்கிடவில்லை. அவள் அதன் வாயருகே விரலை வைத்துப் பார்த்தாள். மூச்சு இருந்தது.

பாடை சுடுகாட்டுக்குள் போன பிறகு அவள் வெளியே காத்திருந்தாள். ஆள் அனுப்புகிறோம் என்றார்களே, இனி அறிவுச்செல்வனே கூட்டிப் போவான். சட்டென்று ஒரு ஆட்டோ பிடித்தால் ஆஸ்பத்திரி பக்கம்தான். மனதுக்குள் அந்த வழியை ஒருமுறை போய்வந்தாள்.

கொள்ளி வைத்துவிட்டு ஆண்கள் திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்தார்கள். அறிவுச்செல்வனுக்குத் தலை மழித்திருந்தது. ஈர வேட்டியில் ஆள் சிறுத்துத் தெரிந்தான். அவளைக் கண்டதும் ரோட்டின் மறுபக்கமே நின்றுவிட்டான்.

"இங்க இன்னா பண்ற?"

"மாறன் வீட்ல சேக்கல. ஒடம்பு சுடுதுங்க. பாலே குடிக்க மாட்டேங்குறா."

அவன் ஒரு அடி எடுத்து வைத்தான். பின்னாலிருந்து கோதண்டராமன், கொள்ளி வைத்த கையோடு குழந்தையைத் தொடாதே என்றார். அவன் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். நாளைக்குப் பால் தெளித்த பிறகுதான் குழந்தை வீட்டுக்குள் வரலாம் என்று அக்கா சொல்லிவிட்டாள், அதுவரை எங்கேயாவது பார்த்துக்கொள் என்றான். எங்கே என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் அவனுக்கும் தெரியாது. வேனில் ஹாரன் அடித்தார்கள்.

"வெயில்ல நிக்காத" என்று சொல்லிவிட்டுப் போனான். திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதால் திரும்பிப் பார்க்கவில்லை.

வேன் போன பிறகு ரோட்டில் யாரும் இல்லை. மரத்தின் நிழல் அவளை விட்டு விலகிச் சுடுகாட்டு மதிலுக்கு மேல் ஏறியிருந்தது. உள்ளே, காரியத்துக்கு வருகிறவர்கள் உட்காரும் சிமெண்டுக் கொட்டகை. அதன் ஓரத்தில் குழாய். யாரோ சரியாக மூடாமல் போனதில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

மணிமொழி உள்ளே போனாள். குழாயில் வாயை வைத்து மூச்சு முட்டக் குடித்தாள். முந்தானையை நனைத்துக் குழந்தையின் பின்கழுத்திலும் அக்குளிலும் ஒற்றினாள். சுற்றியிருந்த துணியை அவிழ்த்துக் காற்றுப் படவிட்டாள். கொட்டகைத் தரை குளிர்ச்சியாக இருந்தது. மறுபடி நனைத்தாள், மறுபடி ஒற்றினாள். வெகுநேரம் கழித்துக் குழந்தை முகத்தைச் சுளித்துப் பூனைக்குட்டி போல ஒரு சத்தம் எழுப்பியது. மார்பில் சேர்த்ததும் தேடியது, பிடித்துக்கொண்டது.

தசரதன் சற்றுத் தள்ளி எரிந்துகொண்டிருந்தார். காற்று இந்தப் பக்கமாகத் திரும்பியது. மணிமொழி எழுந்து, பால் குடிக்கிற வாய் விலகிவிடாமல், புகை வராத மூலைக்கு மாறி உட்கார்ந்தாள்.