மஞ்சள் அங்கி

என் புருஷன் மொறிஸ் யூதாஸ் இல்லை. இதைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை வற்றிவிட்டது.

எங்கள் கோயிலுக்கு இராப்போசனப் படம் வேண்டுமென்று பழைய சுவாமி ஆசைப்பட்டார். அமிர்தகழிப் பக்கம் சைவக் கோயில்களுக்குப் படம் கீறுகிற வினாயகமூர்த்தியைப் பிடித்தார். யேசுநாதருக்கு முன்னால் பிட்டும் வாவி நண்டும், பின்னால் வாழைமரமும் நிறைகுடமும். ஐயோ, என்ன வடிவு! படத்துக்குப் பலகை செய்த தச்சன் மொறிஸ். அவரையும் ஒரு சீடராக உட்கார்த்திக் கீறினான். மற்றவர்களுக்கெல்லாம் வெள்ளை அங்கி, தன் கூட்டாளி மொறிஸுக்கு மட்டும் மங்கலமான மஞ்சள்.

பழைய சுவாமி செத்துப்போக, வெள்ளைக்காரச் சுவாமி வந்தார். ஒரு ஞாயிறு, பிரசங்கத்தின் நடுவே படத்தைக் காட்டினார்.

"மஞ்சள் உடுத்தவனே யூதாஸ். எங்கள் தேசத்துப் படங்களில் அப்படித்தான்."

பின்வரிசை வாங்கில் யாரோ சிரித்தார்கள். எங்கள் மகள் ஜீனுக்கும் வோல்ட்டருக்கும் கலியாணம் பேசி, கோயிலில் கலியாண அறிவிப்பை ஒருமுறை வாசித்தும் ஆகிவிட்டது. வோல்ட்டரின் தாய் வாசலில் வந்து நின்றாள்.

"யூதாஸ்ர வீட்டில நாங்க பொண்ணெடுக்கிறதா? மொறிஸ் யூதாஸ் இல்லையெண்டு சுவாமி கோயில்ல சொல்லட்டும், பாப்பம்."

கட்டையில போவாள்! நான் நேரே வினாயகமூர்த்தியிடம் போய்க் கத்தினேன்.

"அக்கா, நான் யூதாஸைக் கீறவேயில்ல. காட்டிக்குடுத்தவனைச் சாமிக்குப் பக்கத்தில வெச்சுச் சோறு போடுவாங்களா? எண்ணிப் பாருங்க, சீடர் பன்னிரண்டு இல்ல, பதினொரு பேர்தான்."

அவனை இழுத்துக்கொண்டு சுவாமியிடம் ஓடினேன். அவர் விரல் நீட்டி எண்ணினார். முகம் சிவந்தது.

"யூதாஸ் இல்லாத இராப்போசனம் உண்டா?"

"அப்ப ஒருத்தனைச் சேத்துக் கீறித் தாறன், சாமி. எண்ட முகத்தையே வைக்கிறன். மொறிஸ் அண்ணனை விட்டிருங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது.

"ஞானஸ்நானம் பெறாத நீ ஆண்டவரின் பந்தியிலா?" என்றார் சுவாமி. "மஞ்சள் அங்கி இருக்கிறபடியே இருக்கட்டும்."

வோல்ட்டர் வேறு பெண்ணைக் கட்டினான், அதே படத்துக்கு முன்னால். மொறிஸ் இப்போது கோயிலுக்குப் போவதில்லை. நேற்று அவர் பலகை இழைத்துக்கொண்டிருந்தபோது, ஜீன் பக்கத்தில் போய் மெதுவாகக் கேட்டாள்.

"பப்பா, உண்மையில நீங்க என்ன செஞ்சீங்க?"

பெற்ற மகள்! நான் அடிக்கக் கை ஓங்கினேன். மொறிஸ் என்னைத் தடுத்தார். சீவுளியைக் கீழே வைத்துவிட்டு, யோசிக்கத் தொடங்கினார்.