கலங்கரை விளக்கத்தில் மாட்டிக்கொண்ட மாமியார்

சுற்றுலாப் பேருந்தில் வழிகாட்டியாகச் சேர்ந்த நாளிலிருந்து அவள் ஒருமுறைகூடக் கலங்கரை விளக்கத்தில் ஏறியதில்லை. உயரம் என்றாலே அவளுக்குப் பயம். "மேலேருந்து பார்த்தா துறைமுகம், மீன் சந்தை, பழைய கோட்டை எல்லாம் உள்ளங்கையில வச்ச மாதிரி தெரியும். போய்ப் பார்த்துட்டு வாங்க" என்று பயணிகளை அனுப்பிவிட்டுக் கீழே நிழலில் நின்றுகொள்வாள். ஓட்டுநருக்கு மட்டும் விஷயம் தெரியும்.

அன்று ஒரு மாமியாரும் மருமகளும் வந்திருந்தார்கள். மாமியாருக்கு எதுவும் பிடிக்கவில்லை. அருங்காட்சியகத்தில், "இந்தப் பழைய அண்டாவைப் பார்க்கவா இவ்ளோ தூரம்? எங்க வீட்டுப் பரண்லயே கெடக்கு" என்றார். கோட்டையில் செருப்பு கடித்தது. மருமகள் பையைச் சுமந்துகொண்டு பின்னால் நடந்தாள்.

கலங்கரை விளக்கத்திலிருந்து மற்றவர்கள் இறங்கி வந்த பிறகு அந்த மருமகள் தனியாக மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"அக்கா, அத்தை மேலேயே உக்காந்துட்டாங்க. கம்பியை விட மாட்டேங்கிறாங்க. காவலாளி கிட்டப் போனாலே கத்துறாங்க. நான் சொன்னா கேப்பாங்களா? நீங்க வாங்க."

ஓட்டுநர் எழுந்தார். "நான் போறேன்மா."

"வேண்டாம்ணே. நான் சொல்லித்தானே ஏறினாங்க."

வழிகாட்டி சுவரை ஒட்டி, கண்ணைப் படியிலேயே வைத்துக்கொண்டு ஏறினாள். மருமகளும் பின்னாலேயே ஏறினாள். மேலே காற்று ஆளைத் தள்ளியது. மாமியார் கம்பியைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் இவளும் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"பயப்படாதீங்கம்மா" என்று சொல்ல வந்தவள், "எனக்கும் பயமாத்தான் இருக்கும்மா. நான் இங்க வந்ததே இல்ல" என்று உளறிவிட்டாள்.

மாமியார் ஒரு கண்ணைத் திறந்தார். "அடிப்பாவி! அப்புறம் உள்ளங்கை, உள்ளங்கைன்னு அளந்தியே?"

"மத்தவங்க சொல்லிக் கேட்டதும்மா."

"நல்லா இருக்கு போ. குருடனுக்குக் குருடன் வழிகாட்டின கதை."

சொன்னவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் பிடி தளர்ந்தது.

இருவரும் உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக நகர்ந்து இறங்கினார்கள். முன்னால் மருமகள் கையைக் கொடுத்துக்கொண்டே போனாள். பாதி வழியில், "நீயாவது தைரியமா இருக்கியே, தாயி" என்றார் மாமியார். மருமகள் அவர் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

அதற்குள், அடுத்துப் பார்க்கவிருந்த மீன் காட்சியகத்தை மூடிவிட்டார்கள். பேருந்தில் வழிகாட்டி மீது முணுமுணுப்பு எழுந்தது. மாமியார் இருக்கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"என்னாலதான் லேட்டு. திட்டுறதுன்னா என்னைத் திட்டுங்க. அந்தப் பொண்ணை விட்டுடுங்க."

காட்சியகத்துக்குப் பதிலாக வழிகாட்டி எல்லோரையும் கடற்கரையில் இறக்கிவிட்டாள். மருமகள் தண்ணீருக்கு ஓடினாள். "ஏய், எனக்கும் கை குடுடி!" என்று கத்திக்கொண்டே மணலில் இறங்கினார் மாமியார்.