ஒன்பதாம் எண்ணில் இரண்டு ஸ்லைடுகள்

அந்த மலேரியா நிலையத்துக்குக் குரங்குகள் ரத்தம் கொடுக்க வர ஆரம்பித்தது மழை விட்ட மூன்றாவது வாரம், செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு. மொத்தம் பதினொன்று. காட்டோரத்திலிருந்து தார்ச்சாலை வழியாக நடந்து வந்து, காய்ச்சல்காரர்களின் வரிசையில் கடைசியில் நின்று, முறை வந்ததும் இடது கை மோதிர விரலை நீட்டின. காவலாளி தடியைத் தட்டி விரட்டினார். போன குரங்குகள் திரும்பி வந்து மறுபடியும் கடைசியிலேயே நின்றன. இந்த விஷயத்தில் மனிதர்களைவிட யோக்கியம். நர்ஸுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "வரிசையில வந்தவங்களுக்கு ரத்தம் எடுக்கணும்னுதான் விதி. யாருன்னு அதுல போடலையே" என்றார் டாக்டர். தலைமை அலுவலகத்துக்கும் எழுதிப் போட்டார்கள். மனிதர்களுக்கு முன்னால் விட வேண்டாம் என்று மட்டும் பதில் வந்தது. குரங்குகள் செவ்வாய்க்கிழமைதோறும் வந்தன, இரண்டு மாதத்தில் ஊரே அதைத் திரும்பிப் பார்ப்பதை விட்டுவிட்டது. பஞ்சுதான் கொஞ்சம் கூடுதலாக வாங்க வேண்டியிருந்தது.

ரத்தத்துக்குச் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பவளை எல்லோரும் லென்ஸ் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஸ்லைடு ஓரத்தில் பென்சிலால் எண் எழுதுவாள். குரங்கு ரத்தத்துக்குத் தனியாக ஒன்றிலிருந்து எண், அதைச் சுற்றி ஒரு வட்டம். மனிதர்களின் ஸ்லைடில் கிருமி இருந்தால் கொல்லும் வகையா, சாது வகையா என்று பார்த்து எழுதுவாள். சாது வகை மூன்று நாளுக்கு ஒருமுறைதான் பெருகும், மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடலாம். குரங்கு ஸ்லைடுகளை அவள் பார்ப்பதே இல்லை, அப்படியே பெட்டியில் அடுக்கிவிடுவாள். குரங்கு நோய் குரங்கோடு சரி என்றுதான் அவள் படித்த புத்தகத்தில் இருந்தது. அவளைக் குறை சொல்லி என்ன பயன்?

அவளுடைய தம்பி மரம் அறுப்பவன், வாரக்கணக்கில் காட்டுக்குள் கூடாரம் போட்டுத் தங்குகிறவன். அப்பா அம்மா போன பிறகு அவள் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை, அவளுக்கென்று இருந்த ஒரே ஆள். ஒரு திங்கட்கிழமை காய்ச்சலோடு வந்தான். அவளே பார்த்து, சாது வகை என்று தன் கையால் எழுதி, அப்பாடா என்று மூச்சு விட்டாள். மறுநாள் விடிவதற்குள் கொடுத்த மாத்திரையையெல்லாம் வாந்தி எடுத்துவிட்டான், கண் மஞ்சளாகிவிட்டது. பெயரைக் கேட்டால் யோசித்துச் சொன்னான். நிலையத்துக்குத் தூக்கி வந்து மறுபடி ரத்தம் எடுத்தாள். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அன்று செவ்வாய்க்கிழமை வேறு. வட்டம் போட மறந்துவிட்டாள். சாயத் தொட்டியிலிருந்து எடுத்தபோது ஒன்பது என்று எழுதிய ஸ்லைடு இரண்டு இருந்தன. ஒன்று தம்பி, ஒன்று குரங்கு.

பார்த்தால் தெரிந்துவிடும் என்று நினைத்தாள். மாற்றி மாற்றிப் பார்த்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து பார்த்தாள். இரண்டிலும் ஒரே கிருமி மொய்த்துக் கிடந்தது. பன்னிரண்டு வருஷம் ரத்தம் பார்த்த கண்ணுக்குச் சொந்தத் தம்பியின் ரத்தம் எது என்று தெரியவில்லை. ஓடிப் போய் அவன் விரலில் மறுபடி குத்திக் கிருமிகளை எண்ணினாள். நேற்றுப் பத்து இருந்த இடத்தில் இன்று எண்பது. பழைய பெட்டியைத் திறந்து, ஒதுக்கி வைத்த குரங்கு ஸ்லைடுகளை முதல்முறையாகப் பார்த்தாள். எடுத்ததில் பாதிக்கு மேல் அதே முகம்.

ஸ்லைடுகளோடு டாக்டர் அறைக்குள் நுழைந்தாள். "நான் எழுதினது தப்பு டாக்டர். இது சாது வகை இல்ல, குரங்கோடது. கொசு கொண்டாந்து இவனுக்குக் குடுத்திருக்கு. ஒரே நாள்ல எட்டு மடங்கு."

"மனுஷனுக்கு வராதுன்னு புஸ்தகத்துலயே இருக்கேம்மா."

"புஸ்தகம் எழுதினவரு இந்த ரெண்டையும் பார்க்கலையே."

பெரிய ஊசி மருந்து நாலே குப்பிதான் இருந்தது, கொல்லும் வகைக்கு மட்டும் என்று உத்தரவு. டாக்டர் நல்ல மனிதர்தான், ஆனால் உத்தரவென்றால் பயம். "கொல்லும் வகைன்னு பொய் எழுதச் சொல்றீங்களா?" என்று கேட்டார்.

"நேத்து எழுதினதுதான் பொய். எழுதினது நானு, அடிக்கிறதும் நானு. நாளைக்கு யாராவது கேட்டா என்னைக் காட்டுங்க. இப்ப ஊசியைப் போடுங்க, டாக்டர், என் புள்ள போயிருவான்" என்று பதிவேட்டைப் பிடுங்கி, தான் எழுதிய 'சாது வகை'யின் மேலேயே கோடு போட்டாள். அழுதுகொண்டேதான் போட்டாள், ஆனால் கோடு நேராக இருந்தது.

டாக்டர் எழுந்து மருந்து அலமாரியைத் திறந்தார். பஞ்சை வாங்கியதும் கிளம்பிவிடும் குரங்குகள் அன்று கிளம்பவில்லை. வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தன. மூன்று நாள் அப்படியே. வெள்ளிக்கிழமை காலை தம்பி கண் திறந்து, "பசிக்குதுக்கா" என்றான். அவள் வெளியே வந்து யாரிடம் சொல்வதென்று தெரியாமல் குரங்குகளிடம் சொன்னாள். அவை எழுந்து காட்டுக்குப் போயின.

தம்பியின் ரத்தத்தை அனுப்பிய பெரிய ஆய்வுக்கூடத்திலிருந்து ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது: குரங்கு வகைதான். பிறகு ஆராய்ச்சிக்காரர்கள் வந்தார்கள், காட்டில் கொசு பிடித்தார்கள், லென்ஸ் அக்காவின் பெட்டிகளைக் கும்பிடாத குறையாக வாங்கிப் போனார்கள். பதிவேட்டில் மூன்றாவதாக ஒரு வகை சேர்ந்தது. காட்டு வேலைக்காரர்களுக்குக் கொசுவலை கிடைத்தது. அந்த வகைக்கும் காய்ச்சல் வந்த அன்றே பெரிய ஊசி போடலாமென்று உத்தரவும் மாறியது. அதன்பின் வந்த ஒன்பது வருஷத்தில் அறுபத்து மூன்று பேருக்கு அந்த நோய் வந்து, அறுபத்து மூன்று பேரும் நடந்து வீட்டுக்குப் போனார்கள்.

தம்பி இன்னும் மரம்தான் அறுக்கிறான். காட்டில் தங்கிவிட்டு வந்தால் செவ்வாய்க்கிழமை வரிசையில் நிற்க வேண்டும் என்பது அக்காவின் கட்டளை. போன வாரம் அவனுக்குப் பின்னால் நின்ற கிழட்டுப் பெண் குரங்கு, முறை வரும்வரை சும்மா இருப்பானேன் என்று, பெஞ்சில் ஏறி அவன் தலையில் பேன் பார்க்க ஆரம்பித்தது.

"அக்கா, இதைக் கொஞ்சம் என்னன்னு கேளேன்."

லென்ஸ் அக்கா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். "நல்லாப் பார்க்கட்டும், அசையாம இருடா" என்றாள். அவனும் தலையைக் குனிந்து கொடுத்தான்.