தம்பி எடுத்த பாகம்

அப்புசாமி குடும்பத்தில் பாகம் பிரிப்பதென்றால், கோடு போடுவது அண்ணன், முதலில் எடுப்பது தம்பி. அப்போதுதான் அண்ணனுக்குக் கள்ளத்தனம் பண்ணத் தோன்றாதாம். அப்புசாமியும் கொழிஞ்சாம்பாறைத் தென்னந்தோப்பில் நடையாய் நடந்து, மரம், மண், வாய்க்கால் தண்ணீர் எல்லாம் பார்த்து, குன்றிமணியளவும் பிசகாமல் இரண்டாக்கினார். எந்தப் பாதி வந்தாலும் சம்மதம் என்று மனைவி கமலாத்தாளிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். தம்பி தனபால் கிழக்குப் பாதியைக் கைகாட்டினான்.

அவ்வளவுதான், பிடித்தது சனி. தம்பி மரத்துத் தேங்காய் பருத்துத் தெரிந்தது. தம்பி பக்கத்து மண்கூட ஈரமாகத் தெரிந்தது. தன் மரங்கள் என்ன குறை வைத்தன? ஒன்றுமில்லை. ஆனாலும் மனுஷன் தோப்பை ஒட்டிய தன் வீட்டில் சோற்றில் கை வைத்தபடி கிழக்கையே வெறித்தார். தம்பி வீட்டுப் படியேறுவதையும் நிறுத்திவிட்டார்.

"ஏனுங்க, கோடு போட்டதே நீங்கதானுங்களே?" என்பாள் கமலாத்தாள்.

"பேசாம சோத்தைப் போடு."

ஒரு நாள் காலையில் தனபாலே வந்தான். ஆள் இளைத்திருந்தான்.

"அண்ணா, பாகத்தை மாத்திக்கலாங்களா?"

"ஏண்டா?"

"அவசரப்பட்டு எடுத்துட்டனுங்க. உங்க பக்கந்தான் காய்ப்பு நல்லாருக்குது. அதைப் பாத்துப் பாத்தே எனக்குத் தூக்கம் போச்சுங்க."

அப்புசாமிக்கு உச்சி குளிர்ந்தது. தன் மேற்குப் பாதியைத் திரும்பிப் பார்த்தார். அடேயப்பா, என்ன தோப்பு! நேற்றுவரை கண்ணில் மண்ணா விழுந்திருந்தது?

"அதெல்லாம் முடியாதுடா, ஆதாரப் பத்திரம் பதிஞ்சாச்சு" என்றார், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

தனபால் தலையாட்டிவிட்டுப் படி இறங்கினான். அந்த முதுகைப் பார்த்ததும் அப்புசாமிக்குச் சுருக்கென்றது. தோப்பில் ஒரு குலைகூட அதிகமாகிவிடவில்லை. தம்பியின் வயிற்றெரிச்சல்தான் தெரியவந்தது. அதற்கா இத்தனை குளிர்ச்சி? சீ, இதுவும் ஒரு பிழைப்பா என்றிருந்தது. உண்மையைச் சொன்னால் அவன் தூங்குவான். தன் மானம்தான் போகும்.

"தனபாலு, நில்றா." தொண்டையைச் செருமினார். "எனக்குந்தான் தூக்கமில்ல. உன்ற பாதியைப் பாத்து."

"நெசமாலுமாங்க?"

"நெசந்தான்டா. பொறாமைல வெந்துட்டுக் கெடந்தேன். அதனாலதான் உன்ற ஊட்டுக்கே வரலை."

தம்பியின் முகம் மெல்லத் தெளிந்தது. தன் நெஞ்சிலிருந்த குளிர்ச்சி கொஞ்சம் இறங்குவதையும் அப்புசாமி உணர்ந்தார். போகட்டும் என்று விட்டுவிட்டார்.

"அப்ப மாத்த வேண்டாங்களா?"

"மாத்தி என்ன பண்ண? நாளைக்கே நீ இந்தப் பக்கம் நின்னு அந்தப் பக்கத்தைப் பாப்ப. நானும் அதையேதான் பண்ணுவேன்."

தனபால் சத்தம் போட்டுச் சிரித்தான். படியேறி வந்து அண்ணன் கையைப் பிடித்து இழுத்தான். "ஊட்டுக்கு வாங்கண்ணா, சாப்பிடலாம்."

அப்புசாமி சட்டைகூட மாட்டாமல் கிளம்பினார்.